ஐம்பது வயது ஸ்டாண்டர்ட் சிரஸ்: ஒரு நீண்ட காலப் பராமரிப்பு அனுபவம்

தெற்கு ஜெர்மனியில் நாங்கள் மூன்று பேர் பங்கு போட்டு வைத்திருக்கும் கிளைடர், 1973-இல் செய்த ஒரு ஸ்டாண்டர்ட் சிரஸ். 15 மீட்டர் இறக்கை, ஒரே ஆள் உட்காரலாம், எஞ்சின் கிடையாது, ஃபிளாப்பும் (இறக்கையின் பின் விளிம்பில் இறக்கி ஏற்றும் பலகை) கிடையாது. காலி எடை 215 கிலோ சொச்சம். காற்று அமைதியாக இருந்தால் ஒரு கிலோமீட்டர் உயரத்தைச் செலவழித்து 36, 37 கிலோமீட்டர் தூரம் போய்விடும். கிளவுஸ் ஹோலிக்ஹவுஸ் வடிவமைத்து 1969-இல் முதலில் பறந்த மாடல் இது. ஷெம்ப்-ஹிர்த் நிறுவனமும், அதனிடம் உரிமம் வாங்கி க்ரோப் உள்ளிட்ட நிறுவனங்களும் சேர்ந்து நூற்றுக்கணக்கில் செய்தார்கள். இன்று ஒரு சுமாரான பழைய காரின் விலைக்குக் கிடைக்கிறது.

அந்த விலையைப் பார்த்துவிட்டுத்தான் பலரும் கேட்கிறார்கள்: ஐம்பது வருடத்து ஃபைபர்கிளாஸ் வானத்தில் உடைந்துவிடாதா? இத்தனை காலம் வைத்திருந்து, கழற்றி, தேய்த்து, ஒட்டிப் பார்த்த பிறகு நான் சொல்வது இதுதான். கண்ணாடி நார் கிட்டத்தட்ட அப்படியே இருக்கிறது. வயசாவது அதன் மேல் பூசிய வெள்ளைப் பூச்சுக்கும், உள்ளே இருக்கும் இரும்புக்கும், எல்லாவற்றையும் சுமக்கும் ட்ரெய்லருக்கும்தான்.

கண்ணாடி நாரில் செய்த முதல் கிளைடரான எஃப்.எஸ்.24 ஃபீனிக்ஸ் 1957 நவம்பரில் பறந்தது. அதற்கு முன் எல்லாம் மரம், துணி, கொஞ்சம் உலோகம். மரம் எப்படி மட்கும், அலுமினியம் எப்படிக் களைத்து விரிசல் விடும் என்பதில் அனுபவம் இருந்தது. ரெசின் என்ற இறுகும் பசையில் ஊறிய கண்ணாடி நார் எத்தனை காலம் தாங்கும் என்று யாருக்கும் தெரியாது. அதனால் முதல் தலைமுறைக் கிளைடர்களுக்கு 3000 மணி நேரம் என்று ஒரு பாதுகாப்பான எல்லை வைத்தார்கள். பின்னால் ஆய்வகத்தில் இறக்கைகளை மாதக் கணக்கில் மேலும் கீழும் வளைத்துப் பார்த்து, விசேஷப் பரிசோதனை முடித்தால் 6000, அப்புறம் 9000, 12000 என்று அந்த எல்லையை நீட்டினார்கள். தனியார் கைகளில் இருக்கும் கிளைடர் வருடத்துக்கு 50 மணி நேரம் பறந்தாலே நல்ல கணக்கு. எங்களுடையது இன்னும் முதல் 3000-ஐயே எட்டவில்லை. விளம்பரத்தில் "குறைந்த மணி நேரம்" என்று கொட்டை எழுத்தில் போடுகிறவர்களைக் கண்டால் எனக்குச் சிரிப்புதான் வருகிறது. குறைவாகப் பறந்த கிளைடர் என்றால், ஈரமான ட்ரெய்லருக்குள் அதிக காலம் கிடந்த கிளைடர் என்றும் பொருள் கொள்ளலாம்.

சரி, பூச்சுக்கு வருவோம். ஜெல்கோட் என்பது அச்சுக்குள் முதலில் தெளிக்கிற பாலியெஸ்டர் அடுக்கு. அதன் மேல்தான் கண்ணாடித் துணியையும் எபாக்ஸி ரெசினையும் படிய வைப்பார்கள். அச்சிலிருந்து எடுக்கும்போது அதுவே வெளித்தோல் ஆகிவிடும். தடிமன் ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. அதன் வேலை அழகு மட்டும் இல்லை. ரெசினை வெயிலின் புற ஊதாக் கதிரிலிருந்து காப்பதும் அதுதான். வெள்ளை நிறத்துக்கும் காரணம் உண்டு. அந்தக் கால ரெசின் சூடானால் இளகத் தொடங்கும். வலிமைக் கணக்கெல்லாம் 54 டிகிரி சென்டிகிரேடு வரைக்கும் என்றுதான் போட்டிருக்கிறார்கள். ஆடி வெயிலில் கறுப்பு இறக்கை அதைச் சுலபமாகத் தாண்டிவிடும், வெள்ளை தாண்டாது. இறக்கை நுனியிலும் மூக்கிலும் மட்டும் சிவப்புப் பட்டை இருப்பது இதனால்தான். முழுக்க நீலமாக அடித்துக்கொள்ள ஆசைப்பட்ட எங்கள் பங்காளி ஒருவரின் திட்டம் அன்றே முடிந்தது.

வயதான ஜெல்கோட் காய்ந்து நெகிழ்வை இழக்கிறது. இறக்கையோ ஒவ்வொரு பறப்பிலும் வளைகிறது. மலையைத் தாண்டி அலையாக எழும் காற்றில் ஏறி 5000 மீட்டர் உயரம் போனால் குளிர் மைனஸ் 20-க்குக் கீழேகூட இறங்கலாம். பூச்சு சுருங்கும் அளவுக்கு அடியிலிருக்கும் கண்ணாடி நார் சுருங்காது. பூச்சு வெடிக்கிறது. பழைய பீங்கான் கோப்பையின் உட்பக்கத்தில் தெரியும் மயிரிழைக் கோடுகள் மாதிரிதான் தொடக்கம். சுத்தமான இறக்கையில் கண்ணுக்குத் தெரியாது. ஒரு கோடை முழுக்கப் பறந்து அழுக்கு ஏறினால் கறுப்புக் கோடாக எழும். பெரும்பாலும் முன் விளிம்பிலிருந்து பின் விளிம்பை நோக்கி, ஒன்றுக்கொன்று இணையாக ஓடும்.

அந்தக் கோடு பூச்சோடு நிற்கிறதா, கீழே கண்ணாடித் துணிக்குள் போய்விட்டதா? எல்லாம் அதைப் பொறுத்தது. பூச்சோடு நின்றால் வருடத்துக்கு ஒரு முறை கடின மெழுகு போட்டு, துணிச் சக்கரத்தில் பாலிஷ் பிடித்து, நீர் இறங்காமல் அடைத்துவிட்டு நிம்மதியாகப் பறக்கலாம். நாங்கள் பல வருடம் அப்படித்தான் ஓட்டினோம். அடைக்காமல் விட்டால் விரிசலுக்குள் இறங்கும் தண்ணீர் உயரத்தில் உறைந்து, விரிந்து, ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் ஆழமாகத் தோண்டும். இங்கே ஒரு எச்சரிக்கை: சிலிகான் கலந்த கார் பாலிஷ் எதையும் பக்கத்தில்கூட விடாதீர்கள். அது ஒரு தடவை ஊறிவிட்டால், பின்னால் எந்தப் பூச்சும் எந்த ரெசினும் அந்த இடத்தில் ஒழுங்காக ஒட்டாது.

விரிசல் மேலும் பெருகவே, இறக்கைகளை ஒவ்வொரு குளிர்காலத்துக்கு ஒரு பக்கமாகப் புதுப்பிக்க முடிவு செய்தோம். முழுக் கிளைடரையும் பட்டறையில் கொடுத்தால் வரும் பில், நாங்கள் கிளைடர் வாங்கிய விலையையே தாண்டும். சாமானுக்கு அவ்வளவு ஆகாது, கூலிதான். இறக்கை, உடல், வால் எல்லாம் சேர்த்து நூற்றுக்கணக்கான மணி நேர உழைப்பு. இங்கே பறப்புக் கழகங்களில் குளிர்காலப் பட்டறை வேலை எல்லா உறுப்பினருக்கும் கடமை என்பதால் சூடாக்கிய கூடமும், கருவிகளும், தலைக்குமேல் நின்று பார்க்கும் உரிமம் பெற்ற பரிசோதகரும் கிடைத்தார்கள். அது இல்லாமல் இந்த வேலையில் இறங்கச் சொல்லி நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

வேலை என்றால் தேய்ப்பதுதான். தேய்ப்பது, மறுபடியும் தேய்ப்பது. முதலில் முரட்டு எமரித் தாள் போட்டுப் பழைய ஜெல்கோட்டை எடுக்க வேண்டும். வெள்ளை மெலிந்து மெலிந்து, ஒரு கட்டத்தில் அடியிலிருந்து சாம்பல் கலந்த பச்சையில் நெசவுக் கோலம் மங்கலாகத் தெரியும். அங்கே கை நிற்க வேண்டும். இன்னும் இரண்டு இழுப்பு இழுத்தால் நார் அறுபடும். இறக்கையின் பலத்தில் அந்த வெளித்துணிக்கும் பெரிய பங்கு இருக்கிறது. இயந்திரத்தை நான் சமதளத்தில் மட்டும் விட்டேன். முன் விளிம்பு முழுவதும் கையால்தான். முகமூடி, கண்ணாடி, உடம்பு மூடிய உடுப்பு எல்லாம் போட்டும் அந்தத் தூசி கழுத்து மடிப்பில் புகுந்து இரவெல்லாம் அரிக்கும்.

பழைய பூச்சு போனதும் தெரிகிற இன்னொரு விஷயம், நடுச்சட்டத்தின் மேடு. இறக்கைக்குள் நீள வாக்கில் ஓடும் முக்கியச் சட்டத்தில் ரெசின் அதிகம். பல வருடத்தில் அது சுருங்கியதில் மேல்தோலில் ஒரு மெல்லிய அலை விழுந்திருக்கும். நீண்ட நேரான அளவுகோலை மேலே வைத்து வெளிச்சத்துக்கு எதிரே பார்த்தால் தெரியும். எங்கள் பரிசோதகர் அதை உள்ளங்கையால் தடவியே கண்டுபிடித்தார். அந்த அலையைப் பட்டி பார்த்து நிரவி, மேலே புது ஜெல்கோட் தெளித்து, காய்ந்த பிறகு 400-இல் தொடங்கி 1200 வரை வாட்டர் பேப்பரில் தேய்த்துக்கொண்டு போய், கடைசியில் பாலிஷ்.

பாலியூரித்தேன் பெயின்ட் அடிக்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. அடிக்கலாம். விரிசலை அது அதிகம் தாங்கும், வெயிலையும் தாங்கும். ஆனால் சின்ன அடி பட்டால், ஜெல்கோட்டைப் போல அந்த இடத்தில் மட்டும் தொட்டுத் தேய்த்துச் சரி செய்வது அதில் கடினம். அதனால் நாங்கள் பழைய மாதிரியே போட்டோம். அதைவிட முக்கியம், வெடித்த ஜெல்கோட்டை எடுக்காமல் அதன் மேலேயே பெயின்ட் அடித்துப் பளபளவென்று விற்பனைக்கு நிற்கும் கிளைடர்கள். அடியிலிருக்கும் விரிசல் சில வருடத்தில் மேலே வந்தே தீரும். புதுப் பெயின்டைப் பார்த்து மயங்காமல், அடியில் இருந்ததை எவ்வளவு தூரம் எடுத்தார்கள், யார் கையெழுத்துப் போட்டார்கள் என்று கேளுங்கள்.

பூச்சு வேலையில் பலரும் லேசாக எடுத்துக்கொள்வது எடை. எலரான் (கிளைடரைப் பக்கவாட்டில் சாய்க்கும் இறக்கைப் பலகை), ரட்டர் (மூக்கை இடம் வலம் திருப்பும் வால் பலகை) போன்ற அசையும் பாகங்களில் கீலுக்குப் பின்னால் நூறு கிராம் கூடினாலும், அதிக வேகத்தில் படபடவென்று அடிக்கத் தொடங்கும் ஆபத்து உண்டு. இந்த மாடலின் அதிகபட்ச வேகம் மணிக்கு 220 கிலோமீட்டர். அந்த எல்லையே அசையும் பாகங்களின் சமநிலை சரியாக இருந்தால்தான் செல்லும். ஒவ்வொரு பாகத்தையும் தனியாக எடைபோட்டு, கீலில் தொங்கவிட்டுத் திருப்பு விசையை அளந்து, கையேட்டில் இருக்கும் வரம்புக்குள் வருகிறதா என்று பார்க்க வேண்டும். எங்கள் ரட்டர் முதல் அளவில் வரம்பின் விளிம்பில் நின்றது. பரிசோதகர் ஒன்றும் பேசாமல் வாட்டர் பேப்பரை என் கையில் திணித்தார். பிறகு முழுக் கிளைடரையும் தராசில் ஏற்றி, எடை மையத்தையும் புதிதாகக் கணக்கிட்டோம். கூடிய கிலோக்கள் விமானி உட்காரும் எடை வரம்பைத் தின்னும். எங்களில் தடித்தவர் அன்று கொஞ்சம் கவலையோடுதான் இருந்தார்.

இனி அடி பட்ட கதை. ஒரு கோடையில் லிஃப்ட், அதாவது கிளைடரை மேலே தூக்கும் காற்று, செத்துப்போய், அறுவடை முடிந்த வயலில் எங்கள் பங்காளி இறங்கினார். இறங்கியது சரியாகத்தான். ஓடி நிற்கும் கடைசி நேரத்தில் மாட்டு வேலியின் முளை ஒன்று இடது இறக்கையின் அடித்தோலில், நுனியிலிருந்து இரண்டு மீட்டர் உள்ளே குத்திவிட்டது. வெளியே பார்த்தால் கட்டைவிரல் நுழையும் ஓட்டை. அவ்வளவுதானே என்று தோன்றும். இறக்கைத்தோல் ஒற்றை அடுக்கு இல்லை. வெளியே கண்ணாடித் துணி, நடுவில் லேசான நுரை, உள்ளே மறுபடியும் துணி. ஓட்டையைச் சுற்றி ஒரு யூரோ நாணயத்தால் தட்டிக்கொண்டே போனோம். நல்ல இடத்தில் "டிக் டிக்" என்று கணீரென்று கேட்கும். நுரையிலிருந்து துணி விட்டுப்போன இடத்தில் சத்தம் செத்து "தப் தப்" என்று வரும். பென்சிலால் குறித்து முடித்தபோது கட்டைவிரல் ஓட்டை உள்ளங்கை அகலமாகிவிட்டது.

விட்டுப்போன பகுதியை வெட்டி எடுத்து, ஓரத்திலிருக்கும் நல்ல துணியைச் சரிவாகத் தேய்க்க வேண்டும். சரிவு என்றால் சாதாரணச் சரிவு இல்லை. அந்தத் துணி அடுக்கின் தடிமனைப்போல ஐம்பது மடங்குக்கு மேல் நீளம். அப்போதுதான் புதுத் துணி பழைய துணியின் பாரத்தைப் படிப்படியாக வாங்கிக்கொள்ளும். தேய்க்கத் தேய்க்க ஒவ்வொரு அடுக்கின் நெசவும் வளையம் வளையமாகத் தெரியும். அதைப் பார்த்தே எத்தனை அடுக்கு, எந்தத் திசை என்று குறித்துக்கொள்வோம். நார் 45 டிகிரியில் ஓடினால் புதுத் துணியும் 45 டிகிரியில்தான். உள்தோலை முதலில் முடித்து, அது காய்ந்த பின் நுரைத் துண்டை வெட்டி ஒட்டி, வளைவுக்குத் தேய்த்து, அப்புறம் வெளித்தோல்.

ரெசினும் அதை இறுக வைக்கும் ஹார்ட்னரும் 100-க்கு 40 என்று எடையில், சமையலறைத் தராசில் இல்லை, கிராமுக்குக் கீழே காட்டும் தராசில். கூடம் 20 டிகிரிக்கு மேல் இருக்க வேண்டும், ஈரம் கூடாது. பிரஷ்ஷால் ரெசினைத் தொட்டுத் தொட்டு வைக்கும்போது வெள்ளைத் துணி கொஞ்சம் கொஞ்சமாக மறைந்து, அடியில் போட்ட பென்சில் கோடு அப்படியே தெரியும். எங்காவது வெள்ளையாகப் புள்ளி நின்றால் அங்கே காற்று. ரெசின் அதிகமானாலும் தப்பு. பலம் துணிக்கு, ரெசின் வெறும் எடை. அதன் மேல் உரித்தெடுக்கும் துணி ஒன்றைப் போட்டு இரவு முழுக்க விட்டோம். மறுநாள் போர்வையும் தெர்மோகோலும் வைத்துக் கூடாரம் கட்டி, சின்ன ஹீட்டரால் 50-லிருந்து 60 டிகிரிக்குள் பல மணி நேரம் வைத்தோம். தெர்மாமீட்டரோடு ஆள் மாற்றி ஆள் காவல். அறைச் சூட்டில் மட்டும் இறுகிய எபாக்ஸி கோடை வெயிலில் இளகிவிடும் என்பதால் இந்தக் கடைசிப் படியைக் குறைக்கவே முடியாது.

இந்த மாதிரி வேலையை உரிமையாளரே செய்து கையெழுத்துப் போட்டுவிட முடியாது. 2020 மார்ச்சிலிருந்து ஐரோப்பாவில் சின்ன விமானங்களுக்கு பார்ட்-எம்.எல். என்ற இலகுவான விதிகள் வந்திருக்கின்றன. பராமரிப்புத் திட்டத்தை உரிமையாளரே அறிவிக்கலாம், டயர், பெல்ட், கருவிகள் மாதிரி பல வேலைகளை விமானி-உரிமையாளரே முடிக்கலாம். கட்டமைப்பைத் தொடும் பழுதுக்கு மட்டும் உரிமம் உள்ளவர் வேண்டும். கையால் தேய்ப்பது நாங்கள், ஒவ்வொரு கட்டத்திலும் பார்த்து ஒப்புக்கொள்வது அவர். இந்த ஏற்பாடு எனக்குப் பிடித்தே இருக்கிறது.

மற்ற சில்லறைகள். இறக்கையை உடலோடு மாட்டும்போது எலரானையும் ஏர்பிரேக்கையும் (இறங்கும்போது இறக்கையிலிருந்து எழும் தடுப்புப் பலகை) இணைப்பவை லோத்தெலியே வகைப் பந்து இணைப்புகள். இவை சரியாகப் பூட்டாமல் பறந்து உலகெங்கும் விபத்துகள் நடந்திருக்கின்றன. பூட்டுக்கு மேல் பாதுகாப்பு ஊசி கட்டாயம். நாங்கள் ஊசியை மாட்டிய பின் இன்னொருவர் வந்து தொட்டுப் பார்க்காமல் மூடியைப் போடுவதில்லை. இந்த மாடலின் கிடைவால் முழுசாக அசையும் வகை. அதன் தாங்கிகளில் ஆட்டம் வந்திருக்கிறதா என்று ஒவ்வொரு சீசன் தொடக்கத்திலும் நுனியைப் பிடித்து அசைத்துப் பார்ப்போம். ரட்டர் கேபிள் பெடலுக்குள் வளைந்து போகும் இடத்தில் தேயும். அங்கே ஒரு இழை அறுந்து நின்றாலும் கேபிள் மாற்ற வேண்டியதுதான். கிளைடரை மேலே இழுத்து ஏற்றும் கயிற்றை மாட்டும் கொக்கியை, 2000 ஏற்றத்துக்கு ஒரு முறை, அதைச் செய்த நிறுவனத்துக்கே அனுப்பிவிடுகிறோம். சீட் பெல்ட்டை 12 வருடத்துக்கு ஒரு முறை மாற்றுகிறோம்.

ட்ரெய்லரைப் பற்றி ஒரு தனிக் கட்டுரையே எழுதலாம். வாங்கும் முன் எங்களோடு பார்க்க வந்த பரிசோதகர் கிளைடரைத் திரும்பியே பார்க்கவில்லை. "முதல்ல ட்ரெய்லரைத் திற" என்றார். உள்ளே தலையை விட்டு மோந்து பார்த்தார். பூஞ்சை நாற்றமோ எலி மூத்திர நாற்றமோ அடித்தால் அப்படியே திரும்பி வந்திருப்போம். எலி இறக்கைக்குள் கூடு கட்டினால் மூத்திரம் அலுமினியக் கம்பிகளை அரித்துவிடும். ஈரம் தங்கினால் உடலுக்குள் ஓடும் எஃகுக் குழாய்கள் துருப்பிடிக்கும். நாங்கள் ட்ரெய்லரில் முன்னும் பின்னும் காற்றுத் துளை வைத்து எலி வலை போட்டோம். மழையில் நனைந்த கிளைடரை, எவ்வளவு நேரமானாலும், துடைத்து ஏர்பிரேக் பெட்டித் தண்ணீரை வடித்த பிறகுதான் உள்ளே தள்ளுகிறோம். குளிர்காலம் முழுக்கக் கிளைடர் கூடத்தில், ட்ரெய்லர் வெளியே.

பறப்பதைப் பற்றி அதிகம் சொல்லவில்லை. கிடைவால் முழுசாக அசைவதால் ஸ்டிக் (விமானி கையில் பிடிக்கும் கட்டுப்பாட்டுக் கம்பு) மிகவும் மென்மை. புதிதாக ஏறுகிறவர் முதல் ஏற்றத்தில் மூக்கை மேலும் கீழும் ஆட்டாமல் இருக்க மாட்டார். இரண்டு மூன்று ஏற்றத்தில் பழகிவிடும். அதன் பின் வேறு கிளைடரில் உட்கார்ந்தால் ஸ்டிக் கனமாகத் தோன்றும். உதிரி பாகத்துக்கும் கையேட்டுக்கும் கவலை இல்லை. செய்த நிறுவனம் கிர்ஹைம் உண்டர் டெக்கில் இன்னும் இயங்குகிறது, கேட்டால் பதில் வருகிறது. நிறுவனமே மூடிப்போன பழைய மாடல்களை வைத்திருப்பவர்களுக்கு எல்லா இடத்திலும் இந்த வசதி கிடைப்பதில்லை. இரண்டு மாடலுக்கு நடுவில் தடுமாறினால் இதையும் கணக்கில் வையுங்கள்.

இரண்டு இறக்கையும் முடிந்துவிட்டன. உடலின் மேற்பக்கத்தில் காக்பிட்டுக்குப் பின்னால் பழைய ஜெல்கோட் இன்னும் இருக்கிறது. அங்கே விரிசல் பூச்சோடு நிற்கிறது, மெழுகு தாங்குகிறது. காக்பிட்டை மூடும் கேனபியின் பிளாஸ்டிக்கில்தான் வெயிலுக்கு எதிரே பறக்கும்போது நுண்கோடுகள் மின்னத் தொடங்கியிருக்கின்றன. பாலிஷ் போட்டு இன்னும் ஒரு சீசன் தள்ளலாம் என்கிறார் ஒரு பங்காளி. இறங்கும் நேரத்தில் சூரியன் எதிரே இருந்தால் எனக்கு ஓடுதளம் சரியாகத் தெரியவில்லை. அதனால் வரும் குளிர்காலப் பட்ஜெட்டில் கேனபிதான் முதலில், உடல் பூச்சு அதற்கடுத்த வருடம்.